அபு ஆப்ரஹாமும் ஸ்டாச்யூ நடைபாதையும்

1975 டிசம்பர் 8. டெல்லியில் ஒரே நாளில் மூன்று அவசரச் சட்டங்கள் வந்தன. ‘ஆட்சேபத்துக்குரிய’ செய்திகளை அச்சிடுவதைத் தடுக்க ஒன்று. பிரஸ் கவுன்சிலை ஒழிக்க ஒன்று. நாடாளுமன்றத்தில் பேசப்படுவதைப் பத்திரிகைகள் வழக்குப் பயமில்லாமல் வெளியிட வழிசெய்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்துசெய்ய இன்னொன்று. அந்த 1956 சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து போராடி நிறைவேற்றியவர் ஃபெரோஸ் காந்தி. அதை ரத்துசெய்தது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு. மூன்றிலும் கையெழுத்துப் போட்டவர் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, இந்தியன் எக்ஸ்பிரஸில் ஒரு கார்ட்டூன் வெளியானது. குடியரசுத் தலைவர் குளியல்தொட்டியில் கிடக்கிறார். குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட தாளை வெளியே நிற்கும் ஆளிடம் நீட்டுகிறார். இன்னும் ஏதாவது அவசரச் சட்டம் மிச்சமிருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். படத்தில் வேறெதுவும் இல்லை.

நெருக்கடி நிலையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் அந்த 21 மாதங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்தக் குளியல்தொட்டி எப்படியும் பேச்சில் வந்துவிடுகிறது. இதை வரைந்தவர் அபு ஆப்ரஹாம். தன் கடைசிப் பதினான்கு ஆண்டுகளை நான் குடியிருக்கும் இந்தத் திருவனந்தபுரத்தில்தான் கழித்தார்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத வைத்தவன் ஒரு தம்பி. மார்த்தாண்டத்துக்காரன், இங்கே பாளையம் ஃபைன் ஆர்ட்ஸ் கல்லூரியில் படிக்கிறான். தம்பானூர் காபி ஹவுஸில் எதிரே உட்கார்ந்து மசால் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: “அக்கா, போராட்டப் படம் வரையணும்னா முதல்ல கோபம் வேணும், இல்லையா?”

இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அன்றைக்கு அவனுக்குச் சரியாகச் சொல்லி முடியவில்லை, அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பதிவு அவனுக்கும், அதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்.

அபு 1924இல் மாவேலிக்கரையில் பிறந்தார். முழுப்பெயர் ஆட்டுப்புறத்து மாத்யூ ஆப்ரஹாம். திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்து 1945இல் பட்டம் வாங்கினார். டென்னிஸில் கல்லூரிச் சாம்பியன். அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி. 1938இல் இழுத்து மூடப்பட்ட மலையாள மனோரமா 1947 வரை திறக்கவில்லை. ஒரு பத்திரிகையை அரசாங்கம் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பது, பின்னாளில் பத்திரிகையில் படம் வரையப்போகும் அந்தப் பையனுக்குக் கல்லூரி நாட்களிலேயே தெரிந்திருக்கும். நெருக்கடி நிலை வருவதற்கு முப்பது வருடம் முன்னால் அவர் அதன் சின்னப் பதிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பட்டம் வாங்கியதும் பம்பாய். பாம்பே கிரானிக்கிளில் நிருபர் வேலை, கூடவே கார்ட்டூன். நிருபராகத் தொடங்கியவர் என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும். ஊர் சுற்றி, ஆட்களிடம் பேசி, கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்த கைதான் பிறகு படம் போட்டது. 1951இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் அவரை டெல்லிக்கு, தன்னுடைய சங்கர்ஸ் வீக்லிக்கு அழைத்துக்கொண்டார். சங்கர் காயங்குளத்துக்காரர், அவரும் இதே திருவனந்தபுரத்தில் படித்தவர். இந்தியாவின் அரசியல் கார்ட்டூன் வரலாற்றைக் கொஞ்சம் உலுக்கினால் மத்தியத் திருவிதாங்கூர் மண் உதிரும்: சங்கர், அபு, இன்னும் பலர். வாசிப்பும் வாக்குவாதமும் சாயாக்கடையும் ஒன்றாக இருந்த ஊர்கள் அவை.

பிறகு லண்டன். பஞ்ச், டிரிப்யூன் போன்ற இதழ்களில் படங்கள் வந்தன. அவற்றைப் பார்த்த அப்சர்வர் ஆசிரியர் டேவிட் ஆஸ்டர் 1956இல் அவரைத் தன் பத்திரிகையின் முதல் அரசியல் கார்ட்டூனிஸ்டாக வேலைக்கு எடுத்தார். ஆப்ரஹாம் என்று கையெழுத்திட்டால் வாசகர்கள் அவரை யூதர் என்று எடுத்துக்கொண்டு படங்களில் இல்லாத சார்பைத் தேடுவார்கள் என்று ஆஸ்டர் தயங்கியதால் ‘அபு’ என்ற பெயர் வந்தது. சேர்ந்த வருடமே சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை. பிரிட்டன் எகிப்தின் மேல் படையெடுத்ததை அப்சர்வர் கடுமையாக எதிர்த்தது, வாசகர்களை இழந்தது. அந்தப் பத்திரிகையில், அந்த ஆண்டில், முன்னாள் காலனியிலிருந்து வந்த ஒரு மலையாளி ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் உட்கார்ந்து அதன் பிரதமரை வரைந்துகொண்டிருந்தார். இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

அப்சர்வரில் பத்து வருடம், கார்டியனில் மூன்று வருடம். பத்திரிகை அவரை உலகம் சுற்ற அனுப்பியது. கியூபா போனார், சே குவேராவை நேரில் பார்த்து வரைந்தார். வியட்நாம் போர் பற்றி உலகக் கார்ட்டூனிஸ்டுகள் வரைந்தவற்றைத் தொகுத்து 1968இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 1969இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி இந்தியன் எக்ஸ்பிரஸில் சேர்ந்தார்.

1972இல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகிறார். நியமன உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், ஆனால் பெயர்களைச் சொல்வது அரசு. அதாவது இந்திரா காந்தியின் அரசு அவரைக் கௌரவப்படுத்தி அவையில் உட்காரவைத்திருந்தது. பதவிக்காலம் 1978 வரை. நெருக்கடி நிலை முழுவதும் அவர் எம்.பி.யாகவே இருந்தார். அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் குளியல்தொட்டியை வரைந்தார். வெளியே நின்று கல்லெறிவதற்கும் உள்ளே உட்கார்ந்து உண்மை சொல்வதற்கும் வேறுவேறு துணிச்சல் வேண்டும். இரண்டாவது துணிச்சலை நாம் அதிகம் பாராட்டுவதில்லை. அதில் கைதட்டல் குறைவு, இழப்பதற்கு இருப்பதோ அதிகம்.

1975 ஜூன் 25 நள்ளிரவுக்குச் சற்று முன் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் சொன்னார்கள். டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் அன்றிரவு மின்சாரத்தைத் துண்டித்தார்கள், காலைப் பதிப்பு அச்சாகக் கூடாது என்பதற்காக. ஜூன் 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கப் பகுதியை வெற்றாக விட்டு வெளிவந்தது. ஆகஸ்ட் 31 அன்று சங்கர்ஸ் வீக்லி கடைசி இதழோடு நின்றுபோனது. அபுவின் குருநாதர் பேனாவை மூடிவைத்த மூன்று மாதம் கழித்து வந்தது அந்தக் குளியல்தொட்டி.

இப்போது படத்துக்கு வருவோம். தம்பி, இதைக் கவனி. இந்தப் படத்தில் யார் இல்லை என்று பார். இந்திரா காந்தி இல்லை. போலீஸ் இல்லை, லத்தி இல்லை, சிறைக் கம்பி இல்லை, உடைந்த பேனா இல்லை, கண்ணைக் கட்டிய நீதிதேவதை இல்லை. அன்றைக்குப் பல்லாயிரம் பேர் சிறையில் இருந்தார்கள். கோபத்தில் வரைபவன் அதையெல்லாம்தான் முதலில் வரைவான், அவை உண்மையும்கூட. அபு ஒரு வீட்டுக் காட்சியை எடுத்தார். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அவசரம் என்கிறார்கள், நனைந்த கையால் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போடும் எந்த வீட்டுக்கும் தெரிந்த காட்சி.

இங்கே கொஞ்சம் சட்டமும் தெரிய வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, நாடாளுமன்றம் கூடியிராத நேரத்தில், உடனடி நடவடிக்கை தேவை என்று குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்கிறது. அவர் யோசித்து, திருப்தி அடைய வேண்டும். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். அந்த யோசனை நடக்கவே இல்லை என்பதை ஒரு நீண்ட கட்டுரையில் நிரூபிக்கலாம். அபு அவரை நிர்வாணமாகத் தொட்டியில் போட்டார். படித்துப் பார்க்க மூக்குக்கண்ணாடி வைத்துக்கொள்ளும் இடமா அது? நாட்டின் மிக உயர்ந்த பதவியின் மேல் இருந்த அங்கி கழன்றுவிட்டது என்று வாசகனே சொல்லிக்கொள்கிறான். அபு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்று. அந்த மனிதரை அவர் அரக்கனாக வரையவில்லை. பல் நீட்டவில்லை, கொம்பு வைக்கவில்லை. மெல்லிய கோடு, நிழல் பூசாத வெள்ளைத் தாள், சாதாரண மனிதர். அவர் கெட்டவர் என்று படம் சொல்வதில்லை. அவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டார் என்று சொல்கிறது. அந்த ‘சரி’தான் நாட்டைச் சிறைக்கு அனுப்பியது. இதைக் கோபம் கண்டுபிடிக்காது. மனிதர்களைத் தினமும் உட்கார்ந்து பார்த்துப் பழகிய கண்தான் கண்டுபிடிக்கும். ஒரு குமாஸ்தா கோப்பை நகர்த்தும் விதம், ஒரு கணவன் வாசலில் நின்று பதில் சொல்லும் விதம், ஓர் அதிகாரி முகம் பார்க்காமல் கையெழுத்திடும் விதம் எல்லாவற்றையும் வரைந்து வரைந்து கை பழகியிருந்தால்தான் குடியரசுத் தலைவரை அப்படி வரைய முடியும்.

எல்லாப் படங்களும் தணிக்கையைத் தாண்டவில்லை. 1977இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகு ‘தி கேம்ஸ் ஆஃப் எமர்ஜென்ஸி’ என்று கார்ட்டூன்களையும் கட்டுரைகளையும் சேர்த்துப் புத்தகம் போட்டார். இந்த ஊரின் சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. இப்போதும் மேசைமேல் இருக்கிறது.

1981இல் எக்ஸ்பிரஸை விட்டு விலகினார். ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்ற தொடர் கார்ட்டூன் அப்போது ஆரம்பித்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஓடியது. பெரிய தலைவர்கள் இல்லாத, அன்றாடத்தைப் பற்றிய மெதுவான பேச்சு. விமர்சகர்கள் பெரும்பாலும் குளியல்தொட்டியோடு நிறுத்திக்கொண்டு இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கைதான். அன்றாடத்தைப் பார்த்துப் பழகிய கை என்பதால்தான் குளியல்தொட்டி வந்தது.

1988இல் கேரளம் திரும்பினார். திருவனந்தபுரத்தில் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பேக்கரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கோட்டோவியத்தைப் பற்றிப் பேசவே முடியாது. பர்மிங்காமில் பிறந்து, காந்தியைச் சந்தித்து, இந்தியாவிலேயே தங்கி, கடைசியில் நாலாஞ்சிறையில் வீடு கட்டிக் குடியிருந்தவர். குறைந்த செலவில் வீடு கட்டுவது எப்படி என்று அவர் எழுதிய சிறு புத்தகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பக்கமும் அவர் கையெழுத்து, அவர் கோட்டுப் படம். சுவரை எப்படிக் கட்டுவது, ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி எப்படி வைப்பது, எந்தக் காசு வீண் என்று கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் புரியும்படி வரைந்து சொன்னார். கான்ட்ராக்டர்களின் ஆடம்பரத்துக்கு எதிரான போராட்டம்தான் அது. கொடி பிடிக்காமல் நடந்தது. கார்ட்டூன் வரையும் கட்டடக்காரர் ஒரு கார்ட்டூனிஸ்டுக்கு வீடு கட்டினார் என்பது இந்த ஊருக்குக் கிடைத்த பேறு.

நாங்கள் தோசை சாப்பிட்ட தம்பானூர் காபி ஹவுஸும் பேக்கர் கட்டியதே. ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு வட்டக் கோபுரம். உள்ளே தளமே கிடையாது. ஒரே சரிவு சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்ந்தே இருக்கின்றன. சுவர் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் சின்னச் சின்னச் சதுரங்களாக விழும். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள் சரிவில் தட்டோடு ஏறி இறங்குவார்கள். அந்தத் தொழிலாளர்கள்தான் அந்த நிறுவனத்தின் சொந்தக்காரர்கள்: 1950களின் கடைசியில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, ஏ.கே. கோபாலன் முன்நின்று வேலையிழந்தவர்களைக் கூட்டுறவுச் சங்கமாக்கினார். இங்கே உட்கார்ந்து வரைந்தால், மேலே வருபவரின் தலை முதலில் தெரியும், அப்புறம் தோள், அப்புறம் கையில் இருக்கும் பை. மனிதர்களை வரையக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை இந்த ஊரில் எனக்குத் தெரியாது. வழக்குக்கு வந்தவர்கள், மெடிக்கல் காலேஜில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், பி.எஸ்.சி. தேர்வு எழுத வந்தவர்கள், செக்ரட்டேரியட்டில் மனு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் இந்தச் சரிவில் ஏறித்தான் காபி குடிக்கிறார்கள்.

ஜி. அரவிந்தனையும் இங்கே நினைக்க வேண்டும். சினிமாக்காரர் அரவிந்தனைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் போர்டு ஊழியராக இருந்த அவர் 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் ‘செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்’ என்ற கார்ட்டூன் தொடரை வரைந்தார். ராமு என்ற வேலையில்லாத இளைஞன், அவனுக்கு அறிவு சொல்லும் குருஜி. இடம் கோழிக்கோடு. வாரா வாரம் ராமுவுக்கு வயது ஏறியது. வேலை தேடினான், புத்தகம் படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்ந்தது, பணத்தோடு நேர்மை கழன்றது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தலைமுறையின் லட்சியம் எப்படிச் சோர்ந்துபோனது என்பதை எந்தத் தலைவரையும் நாயகனாக்காமல் காட்டிவிட்டார். அரசியல் படம் என்றால் அரசியல்வாதியின் படம் என்று நினைப்பவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். அரவிந்தனும் 1991இல் இந்த ஊரில்தான் காலமானார்.

நம் தமிழில் இதே வேலையை எழுத்தில் செய்தவர் ஆ. மாதவன். சாலைக் கம்போளத்தில் கடை வைத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் போகும் சுமட்டுக்காரர்களையும் திருடர்களையும் அநாதைகளையும் பார்த்துப் பார்த்து ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தபோது சாலையில் பல கடைக்காரர்களுக்கு அவர் எழுத்தாளர் என்பதே புதுச் செய்தி. 2021இல் போய்விட்டார். அவருடைய கண்ணை மனதில் வைத்துக்கொண்டு சாலையில் நடந்தால் ஒவ்வொரு முகமும் நின்று பேசும்.

சாலையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் எம்.ஜி. ரோட்டில் நடந்தால் ஸ்டாச்யூ. சிலையாக நிற்பவர் திவான் டி. மாதவ ராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். அவருக்கு எதிரே 1869இல் திறக்கப்பட்ட செக்ரட்டேரியட். அதன் முன்னால் உள்ள நடைபாதைதான் கேரளத்தின் போராட்ட மேடை. எந்த நாளில் போனாலும் ஏதாவது ஒரு பந்தல் இருக்கும். பி.எஸ்.சி. பட்டியலில் பெயர் வந்தும் வேலை கிடைக்காத இளைஞர்கள், நிலம் கேட்கும் ஆதிவாசிகள், நீதி கேட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர். ஜாதா வரும், கோஷம் வரும், போலீஸ் தடுப்பு வரும், தண்ணீர் பீய்ச்சும் வண்டியும் வரும். பக்கத்திலேயே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். இந்த ஊரில் போராட்டத்தையும் நகர வாழ்க்கையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே நடைபாதையில் தோளுரசிப் போகின்றன.

2025 பிப்ரவரி 10ஆம் தேதி ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும், ஓய்வுபெறும்போது பணப்பயன் வேண்டும் என்று கேட்டார்கள். ஐம்பதாவது நாளான மார்ச் 31 அன்று தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள். அன்றைய செய்திகளில் எல்லாம் அந்தக் காட்சிதான். பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள்.

அந்த நாட்களில் நான் அங்கே போய் வரைந்தேன். கத்தரிக்கோலையும் விழும் முடியையும் வரையவில்லை. அதைக் கேமராக்கள் எடுத்துவிட்டன. பந்தலுக்குள் மத்தியான நேரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரைந்தேன். ஒருவர் சோற்றுப் பொதி பிரிக்கிறார். ஒருவர் போனில் வீட்டில் யாருக்கோ மருந்து எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வரைவதைப் பார்த்த ஒரு சேச்சி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். நெய்யாற்றின்கரைப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசினார். “முகம் மட்டும் வரைஞ்சா போதாது மோளே. அந்தப் பையையும் வரை. வீடு வீடா ஏறி எழுதுற நோட்டு அதுலதான் இருக்கு. அது இல்லாம நான் யாருன்னு படத்தைப் பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

பையை வரைந்தேன். தோளில் மாட்டி மாட்டிக் கைப்பிடி ஒரு பக்கம் நைந்துபோயிருந்தது. ஊதியம் பற்றிய முழுப் பேச்சும் அந்த நைந்த கைப்பிடியில் இருந்தது. தம்பிக்கு நான் சொல்ல நினைத்த பதிலை அந்தச் சேச்சி சொல்லிவிட்டார்.

கோபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரின் ஃபைன் ஆர்ட்ஸ் கல்லூரியிலிருந்து போன கே.பி. கிருஷ்ணகுமாரும் நண்பர்களும் 1987இல் ‘ராடிகல்’ குழுவாக பரோடாவில் கண்காட்சி வைத்தபோது ஓவியச் சந்தைக்கு எதிராகப் பொங்கினார்கள். அந்தக் கோபம் நிஜமானது, அதன் விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். நெருக்கடி நிலையில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன் 1976 மார்ச் 1 அன்று போலீஸால் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. அவன் தந்தை ஈச்சர வாரியர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு மகனைக் கேட்டார். அந்த வழக்கால் 1977 ஏப்ரலில் கருணாகரன் கேரள முதல்வர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இதைப் படித்துவிட்டுக் கோபம் வராதவர் படம் வரைய வேண்டாம். ஆனால் அதே 1977இல் நடந்த தேர்தலில், வட இந்தியா முழுவதும் இந்திரா காந்தியைத் தோற்கடித்தபோது, கேரளத்தில் காங்கிரஸ் கூட்டணி 20 மக்களவைத் தொகுதிகளையும் சட்டமன்றத்தில் 140இல் 111 இடங்களையும் வென்றது. கொடுமை நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில் பஸ் நேரத்துக்கு வந்தது, அலுவலகம் நேரத்துக்குத் திறந்தது, பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்த உண்மையை எப்படி வரைவாய், தம்பி? கோபம் மட்டும் கையில் இருந்தால் வரைய முடியாது. ‘சரி’ என்று சொல்லும் மனிதனை அறிந்திருக்க வேண்டும். அவன் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறான், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருக்கிறான்.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு சின்னதல்ல. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி கருத்துப்படங்களுக்கு முதல் பக்கத்தில் இடம் கொடுத்தார், அவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று சட்டமன்றம் தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களில் விடுதலை செய்தார்கள். அவர் அதோடு விடவில்லை. வழக்குப் போட்டு, 1994இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, 1000 ரூபாய் இழப்பீடு பெற்று, அதைச் சட்டமிட்டு மாட்டி வைத்தார். 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தபோது கார்ட்டூனிஸ்ட் பாலா வரைந்த படத்துக்காக அவரை வீடு புகுந்து கைது செய்தார்கள். 2025 பிப்ரவரியில் கைவிலங்கோடு பிரதமர் அமர்ந்திருக்கும் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, முடக்கத்தை விலக்க உத்தரவிட்டது. ஆட்சிகளும் கட்சிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன, கார்ட்டூன் மீதான பயம் மாறவில்லை.

கேரளம் மட்டும் விதிவிலக்கா? அதுவும் இல்லை. 2019இல் கேரள லலித கலா அகாதெமி ஒரு பிஷப்பைப் பற்றிய கார்ட்டூனுக்கு விருது கொடுத்தபோது திருச்சபை எதிர்த்தது, உடனே இடதுசாரி அரசின் கலாச்சார அமைச்சரே விருதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். முற்போக்குப் பேசும் இடத்தில் இப்படி நடந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதெல்லாம் தணிக்கை அதிகாரி என்று தனியாக ஒருவர் தேவைப்படுவதில்லை. நான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய படம் ஒன்று, “நல்லா இருக்கு, ஆனா இப்ப வேண்டாமே” என்ற ஒரு போன் அழைப்போடு முடிந்துபோனது. அதட்டலோ மிரட்டலோ இல்லாத, மரியாதையான குரல். பேசியவர் நல்ல மனிதர்தான். குளியல்தொட்டியிலிருந்து வந்த குரல் அது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அபு நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் வரைந்த மனிதரை நாம் இன்னும் தினமும் சந்தித்துக்கொண்டிருக்கிறோம்.

அபு 2002 டிசம்பர் 1 அன்று இந்த ஊரில் காலமானார். வயது 78. பத்திரிகையில் வந்த படம் மறுநாள் கடலை மடிக்கும் காகிதமாகிவிடும். பிரபலமான நாலைந்து மட்டும் இணையத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. மற்ற ஆயிரக்கணக்கானவை பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் செல்லரிக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ வெட்டி ஒட்டிவைத்த கார்ட்டூன் நறுக்குகள் இருக்கலாம். பழைய எக்ஸ்பிரஸ், துக்ளக், விகடன், மாத்ருபூமி எதுவானாலும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு மத்தியானம் ஒதுக்கி, போனிலாவது படம் எடுத்து, எந்தப் பத்திரிகை, என்ன தேதி என்று தெரிந்தவரை அருகில் எழுதி, பக்கத்து ஊர் நூலகத்துக்கோ ஒரு கல்லூரிக்கோ கொடுங்கள். தம்பி, நீ அடுத்த சனிக்கிழமை நோட்டோடு ஸ்டாச்யூவுக்கு வா. பந்தலில் யார் இருந்தாலும் முதலில் அவர்கள் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரைவோம்.